எங்கள் தெருவில் தறி ஓடாத இரண்டு நாள்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் நைனாதான். அம்மாவுக்குக் காலை நேரத்தில் அடுப்படியை விட்டு நகர முடியாது. நைனா தறிக்குழியில் இறங்குவதற்கு முன்னால் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பின்னுவார். நாள் முழுக்கப் பட்டு இழையோடு பழகிய விரல்கள், ஒரு முடி பிசகாது. ஆனால் இழுக்கிற இழுப்பில் என் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும்.

"வலிக்குது நைனா."

"வலிச்சாதான் சாயங்காலம் வரிக்கும் நிக்கும். அசையாத."

தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள். "இன்னாபா, பொண்ணுக்குத் தல பின்றியா, தறிக்குப் பாவு இழ புணைக்கிறியா?" நைனாவுக்குக் கோபமே வராது. "ரெண்டும் அறுந்துடாம பாத்துக்கணும்ல" என்பார். கோபம் முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டார் என்று அம்மா சொல்லுவாள்.

ஊருக்கு நல்லவர் வீட்டுக்கு ஆகமாட்டார் என்று பொதுவாகச் சொல்வார்கள். நைனா விஷயத்தில் அது பொய். அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்து அழுவார். கேட்டால் கண்ணில் கொசு என்பார். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து இன்சுலின் போட ஆரம்பித்தபோது, ஊசியைக் கண்டாலே பயந்து தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார். போட்டாயிற்று என்று யாராவது போய்ச் சொன்னால்தான் திரும்பி வருவார். ஆனால் தெருவில் யாராவது முட்டி வலி என்று சொல்லிவிட்டால் போதும், திங்கட்கிழமை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு எலும்பு வலி தீரும் என்று மாகறல் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அந்த மொபெட்டில் குலுங்கி இல்லாத வலியும் வந்துவிடும் என்று நான் கேலி செய்வேன்.

கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, சாவு வீடு எல்லாவற்றுக்கும் முதல் ஆள் அவர். முக்கியமாகச் சாவு வீடு. எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் தறி ஓடாது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் நடையையும் சாத்திவிடுவார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தறிச் சத்தம் இல்லை என்றால், யார் போய்விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைவோம். நைனா பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பார். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்பா. இன்னும் யாரு வரணும்? சீக்கிரம், சீக்கிரம்." அழுகிறவர்களைக்கூட விடமாட்டார். நானும் தம்பியும் அவருக்கு எமனுடைய அசிஸ்டெண்ட் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காதில் விழுந்தது, அதற்கும் சிரித்தார்.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் பெரியப்பா கதை. பெரியப்பா சூரத்தில் மில் வேலைக்குப் போனவர். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது தாத்தா செத்துப்போனார். பெரியப்பா ரயிலேறிவிட்டதாகத் தகவல் வந்தும், நைனா காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார். பெரியப்பா வந்து சேர்ந்தபோது காட்டுவதற்குச் சாம்பல்கூட இல்லை. நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர், அப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் கல்யாணத்துக்கு நைனா நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார், வரவில்லை. பெரியப்பா இறந்தபோது நைனா அடித்துப் பிடித்துக்கொண்டு சூரத்துக்கு ஓடினார். அவர்களும் இவருக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தப்பு எம்மேலதான்" என்று மட்டும் சொன்னார். பெரியப்பா பேச்சு எப்போது வந்தாலும் அவர் சொல்வது அதுதான். அவரே ஒப்புக்கொள்கிறாரே என்று நானும் தப்பை அவர்மேலேயே வைத்துவிட்டேன்.

போன ஆவணியில், விடியற்காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து அம்மாவிடம் காபி கேட்டவர், அது வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் தாம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். தம்பி கனடாவில் இருக்கிறான். டிக்கெட் கிடைத்துவிட்டது, ஆனால் மூன்றாம் நாள் காலையில்தான் வந்து சேர முடியும்.

தெருவில் மூத்தவர் ஒருவர், நைனாவுடைய சிநேகிதர், பந்தலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, சாயங்காலமா எடுத்துடலாமே. நம்ம தெருவுல அதாம்மா பழக்கம். தம்பிய வீடியோ கால்ல பாக்க வெச்சிடலாம்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. தனியாகப் பேச வந்த மனிதருக்கு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொன்னேன்.

"வீடியோ கால்லயா? பெத்த அப்பன் மொகத்த போன்ல பாத்துட்டு அவன் அங்கியே ஒக்காந்து அழணுமா? எங்க தாத்தாவ அவசர அவசரமா எடுத்துட்டு எங்க நைனா காலம் பூரா பட்டது போதும். அவரு செஞ்ச தப்ப நான் செய்ய மாட்டேன்."

நைனாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். அந்தப் பெரியவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் இஷ்டம்மா" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரும்மா" என்று அவளையும் அடக்கினேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் வந்தவர்களெல்லாம் ஓய்ந்தபிறகு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெருவில் ஒரு தறியின் சத்தம் இல்லை. ஆவணி மாதத்தில், அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கிற நேரத்தில், எங்கள் தெரு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அந்த மாதத்தில் நைனாவே சாப்பாட்டுக்கு ஏறி வர மாட்டார், அம்மா தறிப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவள் நான். ஆனால் அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், நைனாவுக்கு எவ்வளவு மரியாதை என்று. போனை எடுத்துத் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "கேளுடா, ஒரு தறி ஓடல. நைனாவுக்கோசரம் தெருவே மூச்ச அடக்கிக்கினு இருக்குது." சொல்லிவிட்டு, அவன் அந்த அமைதியைக் கேட்கட்டும் என்று போனைத் தெருப் பக்கம் கொஞ்ச நேரம் நீட்டி வேறு பிடித்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டிலிருந்து வந்தது. கதவு சாத்தியிருந்தது, சத்தம் வெளியே தெரியக்கூடாது என்று மெதுவாக, இடைவெளி விட்டு விட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது போல மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் இன்னும் பாப்பா. சின்ன வயதில் அவர் சாப்பிட்டதில் பாதி எங்கள் வீட்டில்தான். தறியில் அவருக்குக் கை பழக்கிவிட்டவரும் நைனாதான். எனக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்தது, கோபத்துக்கு உபயோகப்பட்டது.

விரித்த தலையோடு தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. உதைக்காத குறை. அண்ணி வந்து திறந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"எங்க நைனா இன்னும் பொட்டில படுத்துக்கினு இருக்காரு. அதுக்குள்ள உனக்குத் தறி கேக்குதா? அவரு சோறு போட்டு வளத்த ஆளுதானே நீ? ஒரு ரெண்டு நாளு பொறுக்க முடியல இல்ல?"

தெருவே வாசலில் வந்து நின்றுவிட்டது. அவர் தறிக்குழியிலிருந்து அவசரமாக ஏறி வந்தார். கால் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை, முடிய இன்னும் முழம் அளவுதான் பாக்கி, தறியில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"தப்புதான் பாப்பா" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஐம்பது வயது மனிதர். "மன்னிச்சுக்கோ. இனிமே கை வெக்க மாட்டேன்."

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடுவிடுவென்று வீட்டுக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நைனாவுக்காக ஒரு காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"யார இன்னா சொல்லிட்டு வர?"

சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த வூட்டுக்கோசரம்தாண்டி அவரு அண்ணனையே வுட்டாரு."

எனக்குப் புரியவில்லை. அம்மா பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

தாத்தா செத்ததும் இப்படி ஒரு ஆவணி மாதத்தில்தானாம். பெரியப்பா வர இரண்டு நாள் ஆகும், காத்திருக்கலாம் என்றுதான் நைனாவும் முதலில் சொன்னாராம். தெரு முழுக்கத் தறி நின்றது. மத்தியானம் நைனா எதிர்வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்டுப் போயிருக்கிறார். எதிர்வீட்டு அண்ணா அப்போது சின்னப் பையன். அவருடைய அப்பா உடம்பு முடியாமல் இருந்து எழுந்து, தறியில் ஒரு புடவையை முடிக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். அதை அறுத்துக் கொடுத்தால்தான் வீட்டுக்கு அரிசி. உள்ளே கைக்குழந்தை அழுதுகொண்டிருந்ததாம். தாய்க்குப் பால் வற்றிப்போய், சோறு வடித்த கஞ்சித் தண்ணிக்கு அக்கம்பக்கத்தில் ஆள் அனுப்பியிருந்தார்களாம். ஆனால் தறியை யாரும் தொடவில்லை. நைனாவைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து நின்று, "ஆவட்டும்பா, அண்ணன் வரட்டும், நிதானமா எடுக்கலாம்" என்றாராம்.

"வெளிய வந்தாரு. குடத்த கீழ வெச்சாரு. எடுங்கன்னுட்டாரு" என்றாள் அம்மா. "பெரியவன் வரட்டும்னு எல்லாரும் புடிச்சுக்கினாங்க. 'எங்கப்பன் செத்துட்டாரு. அதுக்கு தெருவ ஏன் சாவடிக்கணும்'னாரு. அன்னிலேர்ந்துதாண்டி இந்தத் தெருவுல பொழுதோட எடுக்கிற பழக்கம். எழவு வூட்ல வந்து எங்க தறி நிக்குதுன்னு எவன் வாயத் தெறந்து சொல்லுவான்? இவரு ஒருத்தரு சொல்லலாம். இவரு கூடப் பொறந்தவன குடுத்துட்டு சொன்னவரு."

"பெரிப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அந்தக் கோவம் எதிர் வூட்டு மேல திரும்பாதா? உங்களாலதான் எங்கப்பன் மொகத்த பாக்கலைன்னு அவங்க மேல மண்ண வாரி எறைப்பாரு. எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்னாரு."

"எங்கிட்டயாவது நேத்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பேச வுட்டியா?"

கண்ணாடிக்குள் நைனாவின் முகத்தைப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அவருடைய தலைமாட்டில் நின்று, அவர் செய்த தப்பு என்று சொல்லியிருக்கிறேன். பந்தலில் இருந்த பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை, அப்பாவை இழந்தவள் என்று பொறுத்துக்கொண்டார்கள். அழுகை வந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வந்தது வெட்கம். உடம்பெல்லாம் கூசியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து ஒரு அத்தை வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வாசலிலேயே நின்றேன்.

"அண்ணா, நீங்க ஓட்டுங்க. நான் தெரியாம பேசிட்டேன்."

அவர் உடனே எழுந்துவிட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா. நைனாவ எடுக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம். நீ சாப்டியா?" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அவர் தறியில் இறங்கவில்லை.

அங்கிருந்து அந்தப் பெரியவரிடம் போனேன். எல்லோரையும் தறி ஓட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நீ சொன்னாலும் எவனும் ஓட்ட மாட்டான்மா. பொணத்த வெச்சிக்கினு ஓட்டுன தெருன்னு பேராயிடும். இப்பவே எடுத்துடலாம்னு சொல்லு, அது ஒண்ணுதான் வழி." சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

தம்பி அப்போது விமானத்தில் இருந்தான். கூப்பிட்டுக் கேட்கக்கூட முடியாது. நைனா இருந்திருந்தால் எடுங்க என்று சொல்லியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவன் வந்து இறங்கி, பெட்டி வைத்திருந்த இடத்தைப் பார்க்கிற காட்சி என் கண்முன் வந்தது. எடுங்க என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. "காலைல வந்துடுவான்" என்று முனகினேன். பெரியவர் சரிம்மா என்றார். காத்திருந்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நைனாவால் முடிந்தது என்னால் முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

தம்பி வந்தான். பெட்டிமேல் விழுந்து அழுதான். நைனாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். எடுக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் எதிர்வீட்டு அண்ணாவும் ஒருவர். நான் தலை குனிந்துகொண்டேன்.

ஆண்கள் போனபிறகு நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். சங்குச் சத்தம் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், எங்கோ ஒரு வீட்டில் தறி ஓடத் தொடங்கியது. வீட்டில் தங்கியிருந்த யாரோ, அந்த நிமிஷத்துக்காகவே தறிக்குள் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்கள். அடுத்து அந்தக் கோடியில் ஒன்று. பிறகு இந்தப் பக்கம் ஒன்று. இரண்டு நாளுக்கு முன்னால் என்றால், இன்னும் கொள்ளிகூட வைக்கவில்லை என்று துடைப்பத்தோடு தெருவில் இறங்கியிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு சத்தமும் வர வர எனக்கு மூச்சு சீரானது. எதிர்வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. அவர் சுடுகாட்டில் என் தம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எதிர்வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது, அந்த அரக்குப் புடவை மடித்து அலமாரியில் இருந்தது. சொன்ன நாளுக்குக் கிடைக்கவில்லை என்று கல்யாண வீட்டார் வேறு எடுத்துக்கொண்டார்களாம். அண்ணி இதைத் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் இன்னும் அசிங்கம் என்று விழுங்கிக்கொண்டேன். அவர் வழக்கம்போல எனக்குக் காபி கொடுத்தார்.

தம்பி கனடாவுக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்து, நான் அம்மாவோடு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் போனில் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"அக்கா, யார் வூட்டுத் தறி அது? எதிர் வூட்டு அண்ணாதா?"

"ஆமாம்பா."

"நீ அன்னிக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ அழிக்கவே இல்லக்கா. இங்க ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் போட்டுக் காட்டுனேன். நைனாவுக்கோசரம் எங்க தெரு முழுக்க ரெண்டு நாளு தறியே ஓட்டலைன்னு. ஒருத்தனும் நம்பல." பிறகு குரல் உடைந்தது. "நீ மட்டும் சண்ட போடலைன்னா எனக்கும் பெரிப்பா கதிதான். நைனா பண்ணத நீ பண்ணலக்கா. நீ சரியா பண்ண."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவளுக்கும் எல்லாம் கேட்டது. நைனா வாழ்நாள் முழுக்கச் செய்யாத தப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரே, தப்பு எம்மேலதான் என்று, அதைச் சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல நேரம் வராது. சொல்லப் பார்த்தேன்.

"ஆமாம்பா" என்றுதான் வந்தது.